நானூற்று எண்பத்தொன்பது பேர்: திருவொற்றியூரின் குடிக்கணக்கு



'ஒரு சிற்றூரின் வரலாறும் மக்கள்தொகையும்' என்று இந்த நூலகத்தின் அறக்கட்டளை உரைக்குத் தலைப்பைக் கொடுத்துவிட்டு எந்த ஊர் என்று சொல்லாமல் இருந்துவிட்டேன். அழைப்பிதழ் அச்சடித்த தம்பி இரண்டு முறை போன் செய்து கேட்டார். "வந்து கேளுப்பா" என்றேன். அவரும் வந்திருக்கிறார். இப்போது சொல்லிவிடுகிறேன்: நாம் உட்கார்ந்திருக்கும் இந்த ஊர்தான். இதைச் சிற்றூர் என்று எப்படிச் சொல்லலாம் என்று யாராவது சண்டைக்கு வருவதற்குள், இந்தத் தலைப்பு எனக்கு எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

புதுச்சேரியில் எனக்கு ஒரு பழைய நண்பர் இருக்கிறார். அவருடைய மகள் பிரான்சில் ஒரு சின்ன ஊரில் குடியிருக்கிறாள். போன முறை வந்தபோது அந்த ஊர் மேயர் அலுவலகத்தில் கொடுத்த ஒரு மடிப்புத் தாளைக் கொண்டுவந்திருந்தாள். எனக்குப் பிரெஞ்சு தெரியாது. ஆனால் எண்களைப் படிக்க எந்த மொழியும் வேண்டாம் அல்லவா? தாளின் பின்பக்கத்தில் ஒரு பட்டியல். இடது பக்கம் வருஷம், வலது பக்கம் ஆள் எண்ணிக்கை. முதல் வரி பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தது. கடைசி வரி நேற்றையது. நடுவில் இரண்டு உலகப் போர்கள் வருகின்றன. போர் வந்த இடத்தில் எண் இறங்குகிறது. இளைஞர்கள் நகரத்துக்குப் போன காலத்தில் மறுபடி இறங்குகிறது. மொத்த ஊரும் நம்முடைய தேரடித் தெருவில் ஒரு பக்கத்து வீடுகளில் அடங்கிவிடும். ஆனாலும் இருநூறு வருஷக் கணக்கு, ஒரு வரி விடாமல்.

இது அந்த ஒரு ஊரின் தனிச் சிறப்பு இல்லை. புரட்சிக்குப் பிறகு பிரான்சில் ஊர் ஒவ்வொன்றும் 'கொம்யூன்' என்ற தனி நிர்வாக அலகு ஆனது. இன்றும் முப்பத்தைந்தாயிரத்தை ஒட்டி இருக்கின்றன. 1792-இல் ஒரு சட்டம் கொண்டுவந்து, பிறப்பு, கல்யாணம், சாவு மூன்றையும் பதியும் ஏட்டைப் பாதிரியார் கையிலிருந்து வாங்கி ஊர் மன்றத்தின் கையில் கொடுத்தார்கள். 1801-இல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு தொடங்கியது. இப்போதும், பத்தாயிரம் பேருக்குக் குறைவான ஊர் என்றால் ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை வீடு வீடாகப் போய் எண்ணுகிறார்கள். செத்தவர்களையும் விடுவதில்லை. 1914-இல் தொடங்கிய போரில் இறந்த தன் ஊர்ப் பிள்ளைகளின் பெயரைக் கல்லில் வெட்டி நடுத்தெருவில் நிறுத்தாத ஊர் அங்கே அபூர்வம்.

நண்பரின் மகள் விளையாட்டாகத்தான் கேட்டாள்: "உங்க ஊர்ல எத்தனை பேரு மாமா?" எனக்குப் பதில் வரவில்லை. முப்பது வருஷம் வரலாறு சொல்லிக்கொடுத்த வாத்தியார் நான். இந்த ஊரில் வீடு வீடாகப் போய்த் தலை எண்ணியவனும்கூட. அன்றைக்குப் பேருந்தில் திரும்பி வரும்போது, நம் ஊருக்கு இப்படி ஒரு தாள் எழுதினால் என்ன வரும் என்று யோசித்துக்கொண்டே வந்தேன். இந்த உரை அந்தத் தாள்தான். கொஞ்சம் நீண்டுவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கோயில். பழைய கணக்கு வேண்டுமென்றால் கல்வெட்டிடம்தான் போகவேண்டும். ஆதிபுரீஸ்வரர் கோயில் சுவர்களில் சோழர் கல்வெட்டும் இருக்கிறது, இராஷ்டிரகூடர் கல்வெட்டும் இருக்கிறது. முதலாம் இராஜேந்திர சோழன் காலத்தில்தான் இங்கே கருவறை கற்றளியானது. அந்தச் சுவர்கள் நிறைய எண்ணுகின்றன. எதை எண்ணுகின்றன? ஆடுகளை. ஒரு நந்தாவிளக்கு எரிய வேண்டுமானால் தொண்ணூறு ஆடு. சாவா மூவாப் பேராடு என்று கணக்கில் வைப்பார்கள். கிழடானாலும் செத்தாலும் குட்டி போட்டு எண்ணிக்கை குறையாமல் நிற்கும் மந்தை என்று பொருள். நெய்யின் அளவு, பொன்னின் எடை, வட்டி எல்லாம் துல்லியமாக இருக்கிறது. இங்கே எத்தனை குடும்பம் குடியிருந்தது என்று மட்டும் ஒரு கல்லும் சொல்லவில்லை. ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் இந்த ஊரில் நம்பகமான குடிக்கணக்கு என்று இருந்தது ஆடுகளுக்கு மட்டும்தான்.

இருந்தாலும் ஆட்கள் அங்கங்கே எட்டிப் பார்க்கிறார்கள். அவர்களில் ஒருவரைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல ஆசை. 949-இல் தக்கோலத்தில் நடந்த போரில் சோழ இளவரசன் இராஜாதித்தன் யானைமேல் இருந்தபடியே இறந்தான். அவனுக்கு நண்பனாக, படைத்தலைவனாக இருந்தவர் கேரளத்துக்காரரான வல்லபன். இளவரசன் சாகும்போது பக்கத்தில் இருக்க முடியவில்லையே என்ற வேதனையில் உலகப் பற்றை விட்டு, கங்கையில் நீராடி, துறவியாகி, கடைசியில் வந்து சேர்ந்த இடம் திருவொற்றியூர். நிரஞ்சன குரு என்பவரிடம் தீட்சை பெற்று, சதுரானன பண்டிதர் என்ற பெயரோடு இங்கே மடத்துக்குத் தலைவர் ஆனார். தம் பிறந்த நட்சத்திரமான அவிட்டத்தன்று கோயிலில் சிறப்பு வழிபாடு நடக்கும்படி பொன்னை முதலாக வைத்து, வட்டியில் அறம் நடக்க ஏற்பாடு செய்தார். இன்று நாம் நடத்தும் இந்த அறக்கட்டளைக்கும் அதே ஏற்பாடுதான், வங்கி மட்டும் மாறியிருக்கிறது. அந்தக் கல்வெட்டு எந்த அரசன் பெயரில் இருக்கிறது தெரியுமா? இராஜாதித்தனைத் தோற்கடித்த இராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணன் பெயரில். நண்பனைக் கொன்ற பகைவனின் ஆட்சியாண்டைப் போட்டுத்தான் அவர் தம் அறத்தை எழுதிவைக்க வேண்டியிருந்தது. வெளியூரிலிருந்து பிழைக்கவோ தப்பிக்கவோ வந்து இங்கேயே தங்கிவிட்டவர்கள் என்று ஒரு பட்டியல் போட்டால், பெயர் தெரிந்தவர்களில் இவரை முதலில் வைப்பேன். அம்மன் சன்னிதியில் கேரள நம்பூதிரிகள் பூசை செய்யும் வழக்கத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த மனிதர் நினைவு வரும். இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்று நான் சாதிக்கவில்லை, நினைவு வரும் என்று மட்டும் சொல்கிறேன்.

பெரிய புராணம் இன்னும் சிலரைக் காட்டுகிறது. கலிய நாயனார் செக்கு ஓட்டியவர். அவர் வாழ்ந்த தெரு சக்கரப்பாடித் தெரு. சங்கிலி நாச்சியார் பூக்கட்டியவர். சுந்தரர் அவருக்குச் சத்தியம் செய்து கொடுத்த மகிழ மரம் கோயிலுக்குள் இருக்கிறது. 14-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டில் பதியிலார், தேவரடியார், இடபத்தளியிலார் என்று மூன்று பிரிவுப் பெண்களுக்குள், கோயிலில் யார் எந்தப் பணி செய்வது என்று வழக்கு நடக்கிறது. யார் பாடுவது, யார் கவரி வீசுவது என்பதெல்லாம் தீர்ப்பாகக் கல்லில் வெட்டப்பட்டிருக்கிறது. இந்த ஊரில் வேலைப் பங்கீட்டுத் தகராறு தொழிற்சாலைகளோடு வந்தது என்று நினைக்கிறவர்கள் அந்தச் சுவரை ஒரு முறை பார்த்துவிட்டு வரவேண்டும்.

இனி எண்ணுக்கு வருகிறேன். தலைப்பில் உள்ள எண்.

1708-இல் ஆற்காட்டு நவாப் தாவூத் கான் ஐந்து ஊர்களைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கொடுத்தார். திருவொற்றியூர், கத்திவாக்கம், சாத்தாங்காடு, வியாசர்பாடி, நுங்கம்பாக்கம். கொடுத்ததைச் சில வருஷத்திலேயே திரும்ப வாங்கிக்கொண்டார்கள். தில்லிப் பாதுஷா பரூக் சியாரின் பர்மானைக் காட்டி 1717-இல் கம்பெனி மறுபடி பிடித்தது. அப்போது கவர்னராக இருந்தவர் ஜோசப் காலெட். ஊர் கையில் வந்துவிட்டது, சரி. கம்பெனிக்கு வேண்டியது ஊரா? துணி. நெசவாளிகளும், துணியில் சித்திரம் எழுதுகிறவர்களும் வேண்டும். அவர்களைக் குடியமர்த்தத் திருவொற்றியூருக்குத் தெற்கே ஒரு பேட்டை கட்டினார். தன் பெயரையே வைத்தார். காலெட் பேட்டை. நம் வாயில் அது காலடிப்பேட்டை ஆயிற்று. ஆதிசங்கரரின் காலடி பட்டதால் வந்த பெயர் என்று இன்றும் நல்ல மனசோடு விளக்கம் சொல்கிறவர்கள் உண்டு. மெட்ரோ ரயில் நிலையத்துக்கும் அந்தப் பெயர்தான். அறிவிப்பு வரும்போதெல்லாம் அந்தக் கவர்னரைத்தான் கூப்பிடுகிறார்கள் என்பது ஏறி இறங்குகிற யாருக்கும் தெரியாது.

1719-இல் அந்தப் பேட்டையின் கணக்கைக் கம்பெனி எழுதிவைத்தது. வீடு 104. ஆட்கள் 489.

இந்த ஊர் எல்லைக்குள் ஒரு குடியிருப்புக்குத் தலை எண்ணி எழுதிய கணக்காக என் கையில் கிடைத்த மிகப் பழைய எண் இது. வகுத்துப் பார்த்தேன். வீட்டுக்கு ஐந்து பேருக்குக் கொஞ்சம் குறைவு. தறி போட்ட வீடு. திண்ணையில் நூல் சுற்றும் கிழவி, பாவு நீட்டும் பையன், தறியில் புருஷன், கஞ்சி போடும் பெண்டாட்டி, தொட்டிலில் ஒன்று. அந்த 489 பேரில் ஒருவர் பெயரும் நமக்குத் தெரியாது. ஊர்க்கதையில் பெயரோடு நிற்கிறவர் கவர்னரின் துபாஷி வீரராகவர் ஒருவர்தான். அடிக்கடி காஞ்சிபுரம் போய் வரதராஜரைச் சேவித்து வந்தவராம். அவர் அலைச்சலைப் பார்த்துத்தான் கவர்னர் இங்கேயே கல்யாண வரதராஜப் பெருமாள் கோயில் கட்ட உதவினார் என்பார்கள். கதை அழகாக இருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும். என் கணக்கு வேறு. குடி வந்தவர்கள் ஓடிப்போகாமல் இருக்க ஒரு கோயில் வேண்டும் என்பது அந்த வெள்ளைக்காரருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. பதினைந்து வருஷம் கழித்து 1734-இல் சிந்தாதிரிப்பேட்டையை உண்டாக்கிய இன்னொரு கவர்னரும் நெசவாளிகளை வைத்துத்தான் தொடங்கினார்.

பிரெஞ்சு ஊரைச் சொல்லித் தொடங்கிவிட்டு பிரெஞ்சுக்காரரை இந்தக் கரைக்குக் கொண்டுவராமல் விடக்கூடாது. 1746 செப்டம்பரில் லா பூர்தொனே கப்பல்களோடு வந்து சென்னையைப் பிடித்தார். மூன்று வருஷம் கோட்டையில் பிரெஞ்சுக் கொடி பறந்தது. அப்போது கோட்டையை ஒட்டி, இன்று உயர்நீதிமன்றம் நிற்கும் இடத்தில், பழைய கறுப்பர் நகரம் இருந்தது. கோட்டைச் சுவருக்கு மிக அருகில் வீடுகள் இருப்பது ஆபத்து என்று பிரெஞ்சுக்காரர் கொஞ்சம் இடித்தார்கள். 1749-இல் ஊரைத் திரும்பப் பெற்ற ஆங்கிலேயர், பிரெஞ்சுக்காரர் மறுபடி வருவார்கள் என்று பயந்து மிச்சத்தையும் இடித்தார்கள். பயந்தது வீண் போகவில்லை. 1758 டிசம்பரில் லாலி வந்து முற்றுகை போட்டார். இடிபட்ட இடத்திலிருந்து கிளம்பிய ஜனங்கள் வடக்கும் மேற்குமாக நகர்ந்து முத்தியால்பேட்டை, பெத்தநாயக்கன்பேட்டைப் பக்கம் நெருங்கினார்கள். வடசென்னையின் நெரிசலுக்கு முதல் காரணம் யார் என்று கேட்டால், நான் கொஞ்சம் விளையாட்டாகவும் நிறைய உண்மையாகவும் பிரெஞ்சுக்காரர் என்றுதான் சொல்வேன். இந்தக் காலம் முழுவதையும் புதுச்சேரியில் உட்கார்ந்து நாள் தவறாமல் குறித்துவைத்த ஆனந்தரங்கப் பிள்ளை நம் பெரம்பூரில் 1709-இல் பிறந்தவர். நாட்குறிப்புக்கு நம் பக்கத்து ஆள் போனார். அங்கேயிருந்து ஊர் ஏட்டுப் பழக்கம் இங்கே வரவில்லை.

அடுத்த நூற்றைம்பது வருஷத்தை வேகமாகக் கடந்துவிடலாம். 1806-இல் எண்ணூர்வரை கால்வாய் வெட்டத் தொடங்கினார்கள், அதுதான் பின்னால் பக்கிங்காம் கால்வாய். உப்பும் விறகும் படகில் போயின. கோட்டைப் பக்கத்துப் படகுக்காரர்கள் ராயபுரத்தில் நிலைத்தார்கள். அலையைத் தாண்டிக் கப்பலுக்குச் சரக்கும் ஆளும் கொண்டுபோய்க் கொண்டுவந்த கூலியிலிருந்து மகமை பிடித்துச் சேர்த்த பணத்தில் புனித ராயப்பர் கோயிலைக் கட்டினார்கள். பேதுருவுக்குத் தமிழில் ராயப்பர், அதனால் ராயபுரம். 1856 ஜூலை 1-ஆம் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்குத் தென்னிந்தியாவின் முதல் ரயில் கிளம்பியது. 1871-இல் சென்னை மாகாணத்தில் முறையான குடிமதிப்பு எடுத்தபோது சென்னை நகரத்தின் எண் 3,97,552. திருவொற்றியூர் அப்போது நகரத்தில் சேர்த்தி இல்லை, செங்கல்பட்டு ஜில்லாவில் சைதாப்பேட்டை தாலுகா. ஏழுகிணற்றிலிருந்து வள்ளலார் இந்தக் கோயிலுக்கு நடந்து வந்தாரே, அவர் வந்தது ஒரு வெளியூருக்கு.

அந்தக் கிராமத்தை ஊராக்கியது துறைமுகமும் தொழிற்சாலையும். துறைமுகத்தைப் பற்றிக் கணக்கில் ஒரு விசித்திரம் இருக்கிறது. ஊர் வளர்ந்தால் ஆள் எண்ணிக்கை கூடும், நிலம் அப்படியே இருக்கும். இங்கே ஆள் கூடக்கூட நிலம் குறைந்தது. வருஷத்தின் பெரும்பகுதி இந்தக் கடற்கரையில் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. 1876 வாக்கில் துறைமுகத்தின் கல் கரங்கள் கடலுக்குள் நீண்டதும் மணல் தெற்குப் பக்கமே நின்றுவிட்டது. அங்கே மெரினா அகன்றது. வடக்கே வரவேண்டிய மணல் வராமல் ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர்க் கரையைக் கடல் அரித்தது. மெரினாவில் சுண்டல் வாங்கித் தின்றுகொண்டே காற்று வாங்கப் போகிறோமே, நாம் உட்காரும் மணலில் ஒரு பங்கு நியாயப்படி நம் குப்பங்களுக்குச் சேரவேண்டியது. இப்போது கல்லைக் கொட்டித் தடுப்பு போட்டிருக்கிறார்கள். என் சிறு வயதில் வலை காயப்போட்ட இடத்தில் இன்று அலை அடிக்கிறது. குப்பத்துக் கிழவர்கள் கடலைப் பார்த்துக் கையை நீட்டி "அதோ அங்க இருந்துச்சு எங்க வூடு" என்பார்கள். வெளியூர்க்காரர் அதை வேடிக்கைப் பேச்சு என்று நினைப்பார்.

தொழிற்சாலைகள் வந்த கதை உங்களில் பாதிப் பேருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும், நீங்களோ உங்கள் அப்பாவோ அங்கே வேலை பார்த்தவர்கள். விம்கோ தீப்பெட்டி. 1946-இல் மாம்மன் மாப்பிள்ளை ஒரு கொட்டகையில் பொம்மை பலூன் செய்யத் தொடங்கிய எம்.ஆர்.எஃப். எண்ணூரில் 1948-இல் அசோக் மோட்டார்ஸ் என்று தொடங்கிப் பிறகு லேலண்டோடு சேர்ந்தது. 1955-இல் வந்த என்ஃபீல்டு. இந்தியப் புல்லட் வண்டிக்கு ஜாதகம் எழுதினால் பிறந்த ஊர் என்ற இடத்தில் திருவொற்றியூர் என்றுதான் எழுதவேண்டும். 1960-களில் மணலி சுத்திகரிப்பு ஆலை, 1970-இல் எண்ணூர் அனல் மின்நிலையம். ஒவ்வொன்றுக்கும் ஒரு சங்கு. காலை ஷிப்டுச் சங்கு ஊதினால் எங்கள் வீட்டில் உலை வைப்பார்கள். கடிகாரம் இருந்தது, அதை யார் பார்த்தார்கள்?

தொழிற்சாலையும் ஆட்களை எண்ணியது. வாசலில் டோக்கன் மாட்டுகிற பலகை இருக்கும். பலகையில் டோக்கன் தொங்கினால் ஆள் உள்ளே, இல்லையென்றால் அரை நாள் சம்பளம் போச்சு. ஆனால் அது டோக்கன் உள்ளவர்களின் கணக்கு. கான்ட்ராக்ட் ஆள் அந்தப் பலகையில் வரமாட்டான். தென் மாவட்டங்களிலிருந்து வந்து பொட்டலம் கட்டிய மளிகைக் கடைக்காரர்கள், ஆந்திராவிலிருந்து வந்த கூலிக் குடும்பங்கள், பர்மாவிலிருந்து கப்பலேறி வந்து எர்ணாவூரில் பர்மா நகர் என்ற பெயரையே உண்டாக்கியவர்கள் எல்லாம் எந்தப் பலகையிலும் இல்லை. இன்றைக்குத் துறைமுகத்திலும் மின்நிலையக் கட்டுமானத்திலும் இருக்கும் பீகார், ஒடிசாத் தம்பிகள் ஒரு அறையில் எட்டுப் பேர் ஷிப்டு முறையில் தூங்குகிறார்கள். அந்த அறைக் கதவைத் தட்டிக் கேட்டால் தூக்கக் கலக்கத்தில் வருகிறவன் தன் ஒருவன் பெயரைத்தான் சொல்வான்.

ஆக, கோயில் ஆட்டை எண்ணியது, கம்பெனி தறிக்காரரை எண்ணியது, ஆலை டோக்கனை எண்ணியது. ஒவ்வொருவரும் தமக்கு எது தேவையோ அதை எண்ணினார்கள். ஊரை ஊருக்காக எண்ணியது, பஞ்சாயத்தாகவும் நகராட்சியாகவும் இருந்த கொஞ்ச காலத்தில்தான். அந்தக் காலத்தில் அரசாங்கக் குடிமதிப்புப் புத்தகத்தில் 'திருவொற்றியூர்' என்று நமக்குத் தனி வரி இருந்தது. நானும் அதில் கூலி வேலை செய்திருக்கிறேன்.

1991. பிப்ரவரி 9 முதல் 28 வரை கணக்கெடுப்பு. பள்ளிக்கூட வாத்தியார்களைத்தான் பிடித்து அனுப்புவார்கள். எனக்கு விழுந்தது கடலோரம் ஒரு குப்பம். சாயங்காலம் பள்ளி விட்டதும் அட்டையும் படிவமுமாகப் போவேன். ஒரு வீட்டு வாசலில் ஒரு அம்மா ஓலைப்பாயில் நெத்திலிக் கருவாட்டைப் பரப்பி, மணலையும் குப்பையையும் பொறுக்கிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை. வீட்டுக்காரர் பெயர் என்ன என்று கேட்டேன். அவர் கோபுரம் இருக்கும் திசைக்கு முகவாயைத் தூக்கிக் காட்டினார். எனக்குப் புரியவில்லை. புருஷன் பெயரைச் சொல்லமாட்டார் என்று பக்கத்து வீட்டுப் பையன் உதவிக்கு வந்து, "தியாகராஜன் சார்!" என்று கத்தினான். எங்கள் கோயில் சாமி பெயர். எழுதிக்கொண்டேன். வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டதற்குத்தான் அந்த அம்மா முதல் தடவை நிமிர்ந்து பார்த்தார்.

"எத்தினி பேருன்னு கேக்கறியே சார், கடல்ல கீறவனையும் சேக்கணுமா?"

சேர்க்கணும் அம்மா என்றேன். கணக்கெடுப்புக் காலம் முழுதும் வீட்டில் இல்லாதவரை மட்டும்தான் விடவேண்டும், இடையில் நாலு நாள் கடலுக்குப் போனவர் கணக்கில் உண்டு. விதி அப்படித்தான். நான் விதியைச் சொன்னேன். அவர் கருவாட்டைப் பொறுக்கிக்கொண்டே, "அவன் கரைக்கு வந்தாத்தான சார் கணக்கு" என்றார்.

அந்தப் படிவத்தில் ஐந்து என்று எழுதினேன். மார்ச் முதல் வாரம் திருத்தம் பார்க்க மறுபடி போனபோது கட்டுமரம் திரும்பியிருந்தது. ஐந்து சரியாக இருந்தது. எல்லா வீட்டிலும் எல்லா வருஷமும் அப்படி இருக்கவில்லை என்பது இந்த அவையில் இருக்கும் குப்பத்துக்காரர்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

2011-க்கு வருகிறேன். அந்த வருஷக் கணக்கெடுப்பில் திருவொற்றியூர் நகராட்சியின் மக்கள்தொகை 2,49,446. ஆயிரம் ஆணுக்கு 986 பெண். பக்கத்தில் கத்திவாக்கம் நகராட்சி 36,617. 489-ஐ இந்த எண்ணிலிருந்து கழித்துப் பார்த்து ஆச்சரியப்படாதீர்கள், அது ஒரு பேட்டையின் கணக்கு, இது முழு நகராட்சியின் கணக்கு. இரண்டு லட்சத்து நாற்பத்தொன்பதாயிரம் பேர் உள்ள பிரெஞ்சு நகரங்கள் பத்துப் பன்னிரண்டு தேறினால் அதிகம். அந்த அளவு ஊர் நாம்.

தலை எண்ணியது பிப்ரவரியில். அதே வருஷம் அக்டோபரில் 9 நகராட்சி, 8 பேரூராட்சி, 25 கிராம ஊராட்சிகளைச் சேர்த்துச் சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தது. திருவொற்றியூரும் கத்திவாக்கமும் மண்டலம் 1 ஆயின. 14 வார்டு. தண்ணீரும் சாலையும் மேம்படும் என்று பலர் வரவேற்றார்கள், நானும்தான் வரவேற்றேன். ஒரு சின்ன விஷயத்தை அப்போது யாரும் கவனிக்கவில்லை. 2,49,446 என்பதுதான் திருவொற்றியூர் என்ற ஊரின் கடைசி எண். குடிமதிப்புப் புத்தகத்தில் நமக்கு இருந்த தனி வரி அதோடு முடிந்துவிட்டது. இனி நாம் சென்னையின் கூட்டுத்தொகைக்குள். ஒற்றி என்ற சொல்லுக்கு அடமானம் என்றும் ஒரு பொருள் உண்டு. ஊரை ஒற்றி வைத்தோமா, கிரயம் பண்ணிவிட்டோமா என்று எனக்கு இன்னும் தெளியவில்லை.

எண்ணில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். 2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து எண்ணூர்க் கழிமுகத்தில் படகையும் வலையையும் கறுப்பாக்கியது. அதே மாதம் 26-ஆம் தேதி நள்ளிரவில், கடலுக்குள் போகும் குழாயிலிருந்து அமோனியா கசிந்து பெரியகுப்பம், சின்னகுப்பம் ஜனங்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். நிவாரணம், இழப்பீடு, வைத்திய முகாம் எல்லாவற்றிலும் முதல் கேள்வி ஒன்றே: எத்தனை பேர்? மேசைமேல் இருந்தது பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தைய கணக்கு. ரேஷன் அட்டை இருந்தவருக்கு வரிசையில் இடம் கிடைத்தது. எட்டுப் பேர் தூங்கும் அறையிலிருந்து ஓடியவர்களை யார் தேடினார்கள்?

2021-இல் நடந்திருக்கவேண்டிய கணக்கெடுப்பு கொரோனாவால் தள்ளிப்போய், இப்போது 2027 மார்ச் 1-ஐக் கணக்கு நாளாக அறிவித்திருக்கிறார்கள். இந்த முறை செல்போனில் பதிகிறார்கள், நாமே இணையத்தில் நிரப்பவும் வழி உண்டு. 1931-க்குப் பிறகு முதல் தடவையாக எல்லோரிடமும் சாதியும் கேட்கப்போகிறார்கள். அதைப் பற்றித்தான் ஊரெல்லாம் பேச்சாக இருக்கும். நான் இந்த நூலகத்தாரிடம் கேட்பது வேறு, அது சின்னது. வார்டு வாரியான எண்கள் வெளியாகும்போது நம் வார்டுகளின் எண்ணைக் கூட்டி, ஒரே ஒரு தாளில் எழுதி, வாசல் பக்கத்துச் சுவரில் கண்ணாடி போட்டு மாட்டுங்கள். முதல் வரியில் 1719, காலடிப்பேட்டை, 489. அடுத்து 2011, திருவொற்றியூரும் கத்திவாக்கமும் சேர்த்து 2,86,063. அதற்குக் கீழே 2027 என்று எழுதி இடம் விட்டு வையுங்கள். நடுவில் இருக்கும் பழைய குடிமதிப்புப் புத்தகங்களைத் தேடி நிரப்ப நான் இருக்கிறேன், சம்பளம் வேண்டாம், டீ போதும்.

உங்களிடமும் ஒன்று கேட்கிறேன். கணக்கெடுக்க வாத்தியாரோ டீச்சரோ வந்தால் வாசலிலேயே நிற்கவைத்துப் பேசாதீர்கள், உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுங்கள். மாடி அறையில் குடியிருக்கும் வடக்கத்திப் பையன்கள் எத்தனை பேர் என்று கேட்டு, அவர்களையும் எழுதவையுங்கள். கடலில் இருக்கிறவரையும் சேர்த்துச் சொல்லுங்கள்.